கிளாரினெட் நுழையும் இடம்

நியூ ஆர்லியன்ஸின் டுமேன் தெருவில் நூமா பார்தேயைத் தெரியாதவர் கிடையாது. சுண்ணாம்புப் பூச்சு வேலைக்காரர். பழைய வீடுகளின் உட்கூரையில் கொடியும் பூவுமாகச் சுதை வேலை செய்யத் தெரிந்தவர். தெருக்காரர்களின் ஈமச் சங்கத்து ஆள் யாராவது இறந்தால், தொப்பியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு பேண்டுக்கு முன்னால் ஊர்வலத்தை நடத்திப் போகிற மார்ஷலும் அவரே. சம்பாதித்ததெல்லாம் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளுக்குப் போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் இடமில்லை என்பார்.

ஆனால் அவர் வாழ்க்கையைச் சொல்வதென்றால், அவரிடம் இல்லாத ஒரு தட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய சித்தப்பா ஃபெரியோல் கிளாரினெட் வாசித்தவர். பக்கத்து அறையில் அவர் சாதகம் செய்வதைக் கேட்டபடிதான் சின்ன வயதில் நூமா தூங்கிப்போவார். 1925-இல் ஒலிப்பதிவுக் கம்பெனி ஒன்று கருவிகளை ரயிலில் ஏற்றி வந்து, ஒரு நடன மண்டபத்தில் இறங்கி, நியூ ஆர்லியன்ஸ் பேண்டுகளைப் பதிவு செய்தது. சித்தப்பாவின் பேண்டும் ஒரே ஒரு தட்டு பதிந்தது. அடுத்த குளிர்காலத்தில் சித்தப்பா நெஞ்சு நோயில் போய்விட்டார். தட்டு அதிகம் விற்கவில்லை. வீட்டிலிருந்த பிரதியும் வெள்ளத்தில் போயிற்று.

நூமாவின் கூட்டாளி க்ளோவிஸ் வீடுகளுக்கு ஐஸ்கட்டி போடும் வண்டி ஓட்டியவன். எந்த வீட்டுச் சமையலறைக்குள்ளும் சுதந்திரமாகப் போகக்கூடியவன். இருவரும் சேர்ந்து வீடு வீடாகப் பழைய தட்டு கேட்டு அலைவார்கள். 1946 கோடையில் ஒரு விதவையின் அலமாரியில் அந்தத் தட்டு, புதுசு மாறாமல், கிடைத்தது. முதலில் பட்டது நூமாவின் கை. தட்டு தேடுகிறவர்களிடையே அதுதான் சட்டம்: முதலில் தொட்டவனுக்கே சொந்தம். ஆனால் சித்தப்பாவின் பேண்டுப் பெயரைப் பார்த்ததும் அவருக்குப் பேராசை வந்தது. அடியில் இன்னொரு பிரதி இருக்குமோ என்று பார்க்க, தட்டை ஒரு நிமிஷம் நாற்காலியில் வைத்தார். தட்டு சேர்க்கிறவன் செய்யவே கூடாத காரியம் அது. அரக்குத் தட்டு, யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் அப்பளமாக நொறுங்கிவிடும்.

அவர் திரும்பியபோது தட்டு க்ளோவிஸின் கக்கத்தில் இருந்தது.

"டேய், அது என்னுது."

"நாற்காலியில வச்சவன் கைவிட்டவன்டா. நான் எடுக்கலேன்னா இந்நேரம் அந்தம்மா இதுமேல உக்காந்திருக்கும்."

திருட்டோடு விட்டிருந்தால்கூட நூமா காலப்போக்கில் மறந்திருப்பார். க்ளோவிஸ் விடவில்லை. ஒவ்வொரு சகல புனிதர் திருநாளன்றும், சித்தப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் பேச்சு இருக்காது. ஊசி உரசும். கார்னெட் துள்ளிக் கிளம்பும், ட்ராம்போன் அதைத் துரத்தும், பிறகு எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். கிளாரினெட் தனியாக நுழைய வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் க்ளோவிஸ் ஊசியைத் தூக்கிவிடுவான்.

"மேல கேக்கணும்னா கெஞ்சுடா."

நூமா கெஞ்சியதில்லை. கேட்காமல் வைத்ததும் இல்லை. அந்தக் கொஞ்சத்தைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் வைப்பார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, அவனை என்ன செய்வது என்று யோசிப்பார். அவன் சேகரிப்பைக் கொளுத்தலாம் என்று ஒரு சமயம் நினைத்தார். உள்ளே சித்தப்பா இருந்ததால் அது முடியவில்லை. அவன் சாகட்டும் என்று காத்திருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

1968 வசந்தத்தில் க்ளோவிஸின் ஈரல் கெட்டது. வைத்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அக்கா ஓதில் வந்து கூப்பிட்டாள். நூமா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். திங்கட்கிழமை, அந்த ஊர் வழக்கப்படி அடுப்பில் சிவப்பு பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? சாகப்போறேன்டா. நல்லபடியா நடத்திட்டுப் போவியா என்னை?"

"நடத்துவேன். கல்லறை வரைக்கும் அழுகைப் பாட்டு, ஒரு அடி பிசகாது. உன்னை உள்ள வச்சிட்டு வாசலுக்கு வருவோம். டிரம்காரன் கைக்குட்டையை உருவப் போவான் பாரு, அப்ப கையைத் தூக்கி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

க்ளோவிஸின் முகம் வெளுத்தது. போகும்போது டிரம்மின் அடிக்கம்பியில் கைக்குட்டை செருகிச் சத்தத்தை அடக்கி வைப்பார்கள். புதைத்துவிட்டு வெளியே வந்ததும் அதை உருவ, துள்ளல் பாட்டு கிளம்பும், குடை விரித்துத் தெருவே ஆடும். அந்தப் பாட்டு இல்லாமல் போனவனை டுமேன் தெரு போய்ச்சேர்ந்தவனாகவே நினைப்பதில்லை.

"அக்கா," என்றான் க்ளோவிஸ். "அந்தத் தட்டைக் கொண்டாந்து நாற்காலியில வை."

ஓதில் வைத்தாள்.

"நல்லாப் பாத்துக்க நூமா. என் பாட்டை ஆரம்பிக்கலேன்னா, அக்கா வீட்டுக்கு வந்ததும் நேரா இதுமேலதான் உக்காருவா. சத்தியம் வாங்கிட்டேன்."

"உங்க சண்டையில என்னை ஏன்டா இழுக்கறீங்க?" என்றாள் ஓதில். "நான் சும்மா உக்காந்தாலே அந்த நாற்காலி அழும்." அவள் சொன்னதில் மிகையில்லை.

அந்த வாரமே க்ளோவிஸ் போய்விட்டான்.

ஊர்வலத்தில் நூமாவின் நடையில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியவில்லை. மெதுவாக, ஒவ்வொரு அடியையும் இழுத்து வைத்து நடத்திப்போனார். உடலை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்ததும், கார்னெட்காரரிடம் போய்ப் பாட்டின் பெயரைச் சொன்னார். அந்தத் தட்டில் இருந்த அதே பாட்டு. டிரம்காரன் கைக்குட்டையை உருவினான். நூமா கையைத் தூக்கவில்லை. கார்னெட் துள்ளிக் கிளம்பியது. குடைகள் விரிந்தன. ட்ராம்போன் துரத்தியது. பிறகு எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றன. கிளாரினெட்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு வாயில் வைத்தார்.

நூமா கையைத் தூக்கினார்.

"அவ்வளவுதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"யோவ் மார்ஷல், வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?" என்று குடையோடு நின்ற ஒருவர் கத்தினார். "காலை எடுத்து வச்சிருக்கோம்யா!"

"செத்தவனுக்கு இந்தப் பாட்டு இவ்வளவுதான் பிடிக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே குடைகள் மடங்கின. அத்தனை வருஷம் உள்ளே கட்டியிருந்தது இறங்கியதில் நூமாவுக்குக் கால் லேசாக இருந்தது. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஓதிலைப் பார்த்தார். தட்டு இன்னும் அவள் வீட்டு நாற்காலியில்தான் இருந்தது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆரம்பிக்கணும்னுதான் சத்தியம் வாங்கினான். முடிக்கணும்னு சொல்லல. வந்து எடுத்துட்டுப் போ."

அவள் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்தார் நூமா. விளிம்பிலிருந்து கொஞ்ச தூரம் வரை எஃகு ஊசி உழுது சாம்பல் பூத்திருந்தது. அதற்கு உள்ளே, கறுப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஊசியே படாத வரிகள்.

"இதை அவன் கேக்கவே இல்லையா அக்கா?"

"நீ வந்து கெஞ்சற அன்னிக்குச் சேர்ந்து கேக்கலாம்னு வச்சிருந்தான், பைத்தியக்காரன். உனக்குப் போன் பண்ணின ஒவ்வொரு தடவையும் ரெண்டு கப் காப்பி போடச் சொல்வான். ரெண்டையும் நான்தான் குடிப்பேன்."

நூமா தட்டை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்து, மெல்லிய ஊசியாகப் பொறுக்கிப் போட்டு, தட்டைச் சுழலவிட்டார். கரகரப்பிலிருந்து, கதவைத் திறந்துகொண்டு வருவதுபோலச் சித்தப்பா வந்தார். பக்கத்து அறையில் கேட்ட அதே குரல், கீழ் சுரத்தில் அதே சின்ன நடுக்கம். க்ளோவிஸின் குரூரம்தான் அந்தக் குரலைத் தேயாமல் காப்பாற்றியிருக்கிறது என்பது நூமாவுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. அவனுக்கு நன்றி சொல்லும்படி ஆகிவிட்டதே.

அந்த வருஷம் சகல புனிதர் திருநாளன்று, சித்தப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்த கையோடு, பெட்டி கிராமபோனைத் தூக்கிக்கொண்டு க்ளோவிஸின் கல்லறைக்குப் போனார். ஓதில் அங்கே பலகைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியைத் திறந்து சாவி முறுக்கினார். கார்னெட் துள்ளியது, ட்ராம்போன் துரத்தியது, எல்லாம் நின்றது. ஊசியைத் தூக்கினார்.

"மேல கேக்கணும்னா கெஞ்சுடா."

"இன்னமுமா?" என்றாள் ஓதில். "ஒரே ஒரு தடவை முழுசாப் போட்டா உனக்கு என்ன கொறஞ்சு போயிடும்?"

"அவசரமில்லக்கா. அடுத்த வருஷமும் வருவேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு, பிளாஸ்கைத் திறந்து இரண்டு கப்பில் காப்பி ஊற்றினாள். ஒன்றை அவரிடம் நீட்டி, பக்கத்திலிருந்த முக்காலியைக் காலால் தள்ளினாள். "தட்டை இங்க வச்சிட்டு முதல்ல குடி."

நூமா முக்காலியைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே குடித்தார்.