ஆறு புத்தகங்களும் ஒரு டப்பா பெயின்ட்டும்

புத்தகத்தை அவர் முதல் பக்கத்தில் திறப்பதே இல்லை. பொருளடக்கத்தில் விரலை ஓட்டி, 'கவாத்து' என்ற சொல்லில் நிறுத்தி, நேராக அந்தப் பக்கத்துக்குப் போவார். கிளையை வெட்டிய பிறகு வெட்டுவாயை என்ன செய்யவேண்டும் என்று எழுதியிருக்கும் இடத்தை மட்டும் உதடு அசையப் படிப்பார். பெரும்பாலும் உடனே படக்கென்று மூடிவிடுவார். "இவனும் வெட்டிட்டு அப்படியே விடச் சொல்றான் சார். இவன் மரத்தைப் பார்த்து எழுதினானா, படத்தைப் பார்த்து எழுதினானா?"

எங்கள் கிளை நூலகத்துக்கு எதிரிலுள்ள ஆஸ்பத்திரியில் அந்த அக்கா இருபத்திரண்டு வருடமாகத் தோட்டக்காரி. சட்டையின் மேல்பையில் கத்தரி, கீழ்ப்பையில் ஒரு சின்ன பெயின்ட் பிரஷ். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட்டைக் கிளை வெட்டிய இடத்திலெல்லாம் தடவிவிடுவார். "நமக்கு அடிபட்டா கட்டுப் போடறதில்ல? மரம்னா மட்டும் இளப்பமா?" ஆஸ்பத்திரி மரங்கள் எல்லாம் நீலப் பொத்தான் தைத்துக்கொண்டு நிற்பது இவர் கைவண்ணம்தான்.

தலைமைத் தோட்டக்காரர் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குத் தோட்டக்கலைச் சான்றிதழ் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தேர்வை இரண்டு தடவை எழுதலாம். இரண்டிலும் தவறினால் வெளியிலிருந்து ஆள் வரும். "வர்றவருக்கு எந்தச் செடி எங்க இருக்குன்னு நான் சுத்திக் காட்டணும். மறுநாள்லேருந்து அவர் எனக்குக் காட்டுவாரு" என்று சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அன்று போகும்போது கைப்பையை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

நூலகத்தில் தோட்டக்கலைக்கு மொத்தம் ஆறு புத்தகங்கள். ஆறையும் மேசையில் பரப்பி வைத்துச் சோதித்தார். ஐந்து, வெட்டுவாயில் எதையும் தடவாதே என்றன. இருப்பதிலேயே பழைய புத்தகம் மட்டும் பெயின்ட் பூசச் சொன்னது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது ஒண்ணுதான் சார் உருப்படி. மத்த அஞ்சு பேரும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பி அடிச்சிருக்கானுங்க."

நானும் சும்மா இருக்கவில்லை. "பழைய புத்தகம்னா அனுபவம் பேசும் அக்கா" என்று எடுத்துக் கொடுத்தேன். அந்தப் புத்தகத்தின் தையல் உறுதியாக இருந்தது. புத்தகங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செடிகளைப் பற்றித் தெரிந்தது இன்னும் குறைவு. என் மேசைமேல் இருந்த தொட்டியைப் பார்த்து, "இதுக்கு இனிமே தண்ணி ஊத்தாதீங்க சார்" என்றார் ஒருநாள். அதிகமாகிவிட்டதோ என்று கேட்டேன். "இல்ல சார். போய்ச் சேர்ந்து ஒரு மாசம் இருக்கும்."

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வீட்டில் டிவி சத்தம் என்பதால் மாலையில் நிறுத்திவைத்த வேனுக்குள்தான் படிப்பு. பிள்ளைகள் உட்காரும் சீட்டில் இவர் முழங்காலை மடக்கிக்கொண்டு பதில் சொல்லவேண்டும். அவர் முன்சீட்டிலிருந்து கேள்வி கேட்பார். "தப்பாச் சொன்னா ஹாரன் அடிக்கிறாரு சார். தெருவுக்கே என் மார்க் தெரியும்."

முதல் தடவை நாலு மதிப்பெண்ணில் போய்விட்டது. "மண்ணு எத்தனை வகைன்னு கேட்டிருந்தான். என் மண்டைக்குள்ள இருக்கிறதை விட்டுட்டு மத்ததெல்லாம் எழுதிட்டேன்." காலை வாரியது வெட்டுவாய்ப் பராமரிப்பு; பத்து மதிப்பெண் கேள்வி. "ரெண்டு பக்கம் எழுதினேன் சார். பெயின்ட் டப்பா படம்கூடப் போட்டேன். முட்டை!"

அதற்கும் அக்கா மசியவில்லை. ஐந்தில் ஒன்றையும் அந்தப் பழைய புத்தகத்தையும் சேர்த்தே எடுத்துப் போனார். "பரீட்சையில எழுதறதுக்குப் புதுசு. மரத்துக்குச் செய்யறதுக்குப் பழசு."

போன வாரம் இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எதையும் புரட்டவில்லை. முந்தின நாள் காற்று மழையில், நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சின்மேல் ஒரு பெரிய கிளை விழுந்திருந்தது. மழை என்பதால் பெஞ்சில் யாரும் இல்லை.

"நீலம் தடவின இடத்துலயே முறிஞ்சிருக்கு சார். மேல பெயின்ட்டு பளபளன்னுதான் இருக்கு. உள்ள விரலை விட்டா, ஊறின பிஸ்கட் மாதிரி உதிருது. அதே மரத்துல கீழே ஒரு வெட்டு. அதே நாள் வெட்டினதுதான். பெயின்ட் தீர்ந்துபோச்சுன்னு அப்படியே விட்டிருந்தேன். அய்யோ பாவம்னு ரெண்டு நாள் வருத்தப்பட்டேன். அது சுத்திப் பட்டை உதடு மாதிரி வளர்ந்து மூடிக்கிட்டு ஜம்முனு இருக்கு."

பிறகு, "காப்பி அடிச்சது அந்த அஞ்சு பேரு இல்ல சார். நான்தான். வேலைக்குச் சேர்ந்தப்ப யாரோ தடவறதைப் பார்த்தேன். நானும் தடவிக்கிட்டே இருந்துட்டேன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தையலைப் பார்த்துப் புத்தகம் கொடுத்தவன் நான். எதையாவது சொல்லவேண்டுமே என்று, "அடுத்த வாரம் பரீட்சையில அந்தப் பத்து மார்க் நிச்சயம் அக்கா" என்றேன்.

"மார்க் வரும் சார். பெஞ்சில யாராவது உட்கார்ந்திருந்தா?"

புதுப் புத்தகத்தை மட்டும் மறுபடி பதிந்து தரச் சொன்னார். பழையதை என் பக்கம் தள்ளினார். தள்ளிய கையை எடுக்கவில்லை.

"இதை யாராவது எடுத்துட்டுப் போய்ப் படிச்சா?"

"அதெல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்க அக்கா."

"நான் எடுத்தேனே."

பென்சில் கேட்டார். 'புத்தகங்களில் எழுதுவோர் மீது கடும் நடவடிக்கை' என்று நானே சிவப்பு மையில் எழுதி மாட்டிய பலகை என் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. பென்சிலைக் கொடுத்தேன். கவாத்துப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் எழுத்துக் கூட்டி எழுதினார்: 'இப்படிச் செய்யாதீங்க. இருபத்திரண்டு வருஷம் செஞ்சு பார்த்தாச்சு. ஆஸ்பத்திரித் தோட்டக்காரி.'

உதடு அசைய ஒருமுறை படித்துப் பார்த்தார். கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தார். எழுத்து கலங்கியது.

"அழியுது சார். பேனா குடுங்க."

மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தின் மேலும், அடுத்த பக்கத்தில் பதிகிற மாதிரி அழுத்தி, திரும்ப எழுதினார்.