ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டிய முகம்

பேட்டையில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் அடித்து ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். தாமிரபரணியில் பழைய துணிகளை விடும் பழக்கத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் பாபநாசம் படித்துறையில் ஒரு பெண் சட்டையொன்றை ஆற்றில் விடுவதைப் படம் எடுத்தேன். முகம் தெளிவாக விழுந்திருந்தது. ‘ஆறு என்ன உங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியா?’ என்று மேலே போட்டு, இருபது ஆட்டோக்களுக்குப் பின்னால் இலவசமாகவே ஒட்டினேன். ஊரே பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணே கடைக்கு வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாரானேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்க எழுதுனது நாயந்தான் அண்ணாச்சி. அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாளு. அவரு சட்டையத்தான் விட்டேன். எம்மவ தெனம் பள்ளிக்கூடம் போற ஆட்டோவுலயும் என் மூஞ்சி இருக்கு. ‘ஒன்னைய எதுக்கும்மா இங்கன ஒட்டிருக்காவ’ன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?”

அன்றைக்கே இருபதையும் தேடிப்போய்ச் சுரண்டி எடுத்தேன்.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் என் அப்பாவின் வேட்டியை அதே படித்துறையில் விட்டவன் நான். அன்று என்னை யாரும் படம் எடுக்கவில்லை.

இப்போது என் படத்தைப் போட்டு, ‘நானும் விட்டேன், இனி விடமாட்டேன்’ என்று ஒரு ஸ்டிக்கர் அடித்து வைத்திருக்கிறேன். அது மேசைக்குள்ளேயே கிடக்கிறது. என் பைக்கில் ஒட்டும் தைரியம் இன்னும் வரவில்லை.