காசநோய்க் கிருமிக்குள் ஒரு பாலம்

நோய்க்கிருமிக்குள் எதை அடித்தால் கிருமி விழும் என்று கணினியில் தேடுவது எங்கள் தொழில். இதை வீட்டில் விளக்கிச் சொல்ல முடியாமல் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்த சகாக்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். சென்னைக்குத் தெற்கே படூரில் ஒரு கல்லூரியின் மாடியறையில் நானும் பாஸ்கரும் மூன்று கணினிகளும் குடியிருந்தோம். பாஸ்கர் திருவிடந்தை மீனவர் குடும்பத்துப் பிள்ளை, கெட்டிக்கார புரோகிராமர். காசநோய்க் கிருமிக்குள் எது எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு புள்ளி வைத்துக் கோடு போட்டு இணைப்போம். பழைய மாத்திரைகளுக்கு மசியாத காசம் தலைதூக்கியிருந்த நேரம். புது மருந்து எந்தப் புள்ளியில் போய் அடிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கார அம்மாவின் விண்ணப்பம்

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா என்ன வேலை என்று கேட்டதும், "மருந்து கண்டுபிடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிருமி, புரதம், புள்ளி, கோடு என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவரும் பொறுமையாகத் தலையாட்டினார். முடித்ததும் சொன்னார்:

"அப்போ சாம்பிள் மாத்திரை நெறைய வருமே தம்பி, என் முட்டி வலிக்கு ரெண்டு அட்டை எடுத்துகினு வாயேன்."

முதலிடம் பிடித்த புள்ளி

எங்கள் முதல் கணக்கு சுலபமானது. எந்தப் புள்ளியில் அதிகக் கோடுகள் வந்து சேருகின்றனவோ, அதை அடித்தால் கிருமி காலி. புள்ளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கணினி ஒரு எண்ணை முதலிடத்தில் காட்டியது. இரண்டாவது புள்ளி அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த எண் எந்தப் பொருள் என்று பார்க்கக்கூடத் தோன்றாமல், பெரிதாக அச்சடித்துச் செங்கல்பட்டில் நடந்த கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே உண்மையான கிருமியை வளர்த்துச் சோதிக்கும் கூடம் இருந்தது. அதை நடத்தியவர் சகாயமேரி மேடம். ஒருமுறை அவருக்கே காசம் வந்து, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கித் தேறியவர். நாங்கள் சொல்வதைச் சோதிக்க வேண்டியவரும் அவர்தான். நான் பேசி முடித்ததும் அவர் எங்கள் அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டி, அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். தண்ணீர். கிருமிக்குள் நடக்கும் வேலைகளில் பாதிக்கு மேல் தண்ணீர் வந்துபோகும். கணக்கு போடும் முன் அதை நீக்க வேண்டும். நாங்கள் நீக்கவில்லை. கூட்டமே சிரித்தது. மேரி மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"தண்ணிய நிறுத்துனா கிருமி சாவும் சார், கரெக்ட்டுதான். நானும்தான் செத்துப்போவேன்."

எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவரும் கூட்டத்துக்கு வந்திருந்தார். திரும்பி வந்து படூரில் ஜீப்பை விட்டு இறங்கும்போது சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு பேர் குடுங்க. அதுவும் சொதப்பினா மாடி ரூமை டைப்பிங் கிளாஸுக்கு விட்டுடலாம்."

பாஸ்கர் தாமதமாக வந்த நாள்

தண்ணீரையும் அதைப் போல எங்கும் வந்துபோகும் அதன் கூட்டாளிகளையும் நீக்கிவிட்டு மறுபடி போட்டோம். இப்போது முதலிடத்துக்கு வந்த புரதம் மனித உடம்பிலும் உண்டு. அதை அடித்தால் கிருமியோடு நோயாளியும் சேர்ந்து தீர்ந்துவிடுவார். அடுத்ததை எடுத்தால், அதை அடைத்தாலும் கிருமி வேறு வழியில் வேலையை முடித்துக்கொள்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு நாள் பாஸ்கர் மத்தியானம்தான் வந்தார். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வரும் வழியில் உப்பங்கழிமேல் இருக்கும் ஒரே பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். இருந்த எரிச்சலில், "அவ்வளவு நெரிசலான கேளம்பாக்கம் ஜங்ஷனையே தினமும் தாண்டி வர்றீங்க, ஒரு பாலத்தைத் தாண்ட முடியலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஜங்ஷன அடைச்சா சந்துல பூந்து வந்துருவேன் அண்ணாத்த. பாலத்த அடைச்சா இன்னா பண்றது, பறந்தா வர்றது?"

சொன்னவர் சட்டென்று கணினிப் பக்கம் திரும்பினார். எனக்கும் பொறி தட்டியது. இத்தனை நாளாக நாங்கள் ஜங்ஷனைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். தேட வேண்டியது பாலம். கோடுகள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அதை விட்டால் அந்தப் பக்கம் போக வேறு வழி இருக்கக் கூடாது. மனித உடம்பிலும் அது இருக்கக் கூடாது. அந்த வாரமே கணக்கை மாற்றி எழுதினோம். பட்டியலில் எங்கோ அடியில், யாரும் சீண்டாத ஒரு சின்னப் புரதம் தேறியது. இந்த முறை பெயரைப் பத்துத் தடவை சரிபார்த்துவிட்டுத்தான் செங்கல்பட்டுக்கு அனுப்பினேன்.

செங்கல்பட்டுப் போன்

காசநோய்க் கிருமி மெதுவாக வளரும். அந்தப் புரதத்தை உண்டாக்க முடியாதபடி செய்த கிருமிகளை ஒரு தட்டிலும், சாதாரணக் கிருமிகளைப் பக்கத்துத் தட்டிலும் இட்டு மேரி மேடம் வாரக்கணக்கில் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். இதற்கிடையில் டைப்பிங் கிளாஸ்காரர் வந்து அறையை அளந்துவிட்டுப் போனார்.

போன் வந்தபோது பாஸ்கரும் காதை ரிசீவரோடு ஒட்டிக்கொண்டார். சாதாரணத் தட்டில் நன்றாக வளர்ந்திருக்கிறது என்றார் மேடம். எங்கள் தட்டைப் பற்றி நான் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவரே சொன்னார்:

"உங்க தட்டுல தண்ணி தாராளமா கீது சார். ஆனா ஒண்ணுகூட வளரல."

மருந்தாகி வர இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது, ஆனால் மாடியறை எங்களிடமே இருக்கிறது, கணக்கு போடும் முன் தண்ணீரை நீக்கவும் இப்போது எங்களுக்குத் தெரியும்.