இருவரையும் கேட்டுச் சொல்லும் நிரல்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பேட்டர்ன் சார். பத்து வரி நிரலில் முடிகிற வேலையை ஏழு கோப்புகளில் பரப்பிவிட்டு, அதற்கு டிசைன் பேட்டர்ன் என்று விளக்கமும் சொல்லுவார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. காதில் விழுந்தபோது விருது கிடைத்ததுபோல் பூரித்துப்போனார். மனிதருக்கு அவ்வளவுதான் விவரம்.

அவருடைய செல்லப் பிள்ளை டபுள் டிஸ்பாட்ச் என்கிற நிரல் உத்தி. விஷயம் என்னவோ சின்னதுதான். ஒரு முடிவு இரண்டு பேரைப் பொறுத்தது என்றால் இரண்டு பேரையும் கேட்க வேண்டும். கம்பெனியின் ரசாயனக் கிடங்குக்கு அவர் எழுதிய நிரல் முதலில் சரக்கிடம் "நீ யார்?" என்று கேட்கும். அது தன் இனத்தைச் சொன்னதும் அடுக்கின் பக்கம் திரும்பி, "இந்த இனத்தை உன்னிடம் வைக்கலாமா?" என்று கேட்கும். வைக்கலாம் என்றால் திரையில் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. யோசனையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதை முடிவெட்டுகிறவரிடம்கூட விளக்குவார். அவர் இவருடைய தலையைத் திருப்பி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

கிடங்குப் பொறுப்பாளன் இவருடைய மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் என்பதால் மச்சினன்மேல் இவருக்கு இளக்காரம். அவன் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தான். மேலே அடுக்குகள், பக்கவாட்டில் சரக்குகள், இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் சரி அல்லது பெருக்கல் குறி. கட்டம் காலியாக இருந்தால் விசாரிக்காமல் எதையும் வைக்கமாட்டான். பேட்டர்ன் சார் ஏழு மாதம் மூச்சுமுட்ட எழுதியதும் அதையேதான். அதை அவரிடம் யார் சொல்வது? நிரல் ஓடத் தொடங்கிய அன்றே வந்து, அட்டையைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டார்.

டபுள் டிஸ்பாட்ச் முறையில் ஒரு தொல்லை உண்டு. புதிதாக ஒரு சரக்கு வந்தால் பதினோரு அடுக்குக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும். ஒன்றை விட்டாலும் நிரலைச் சரிபார்க்கிற கம்பைலர் கத்தும், நிரல் ஓடாது. அந்தக் கத்தல்தான் பாதுகாப்பே. நம் மேதாவிக்குப் பொறுமை ஏது? "தெரியாத சரக்கா, எங்கும் வைக்கலாம்" என்று எல்லா அடுக்குக்கும் பொதுவாக ஒரு பதிலை எழுதி, கம்பைலரின் வாயை அடைத்தார். பிறகு சரிசெய்யலாம் என்று நினைத்தாராம். அப்புறம் மறந்தே போனார்.

ஒரு நாள் மத்தியானம் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, நீச்சல் குளத்துக்குப் போடுற குளோரின் தூள் புதுசா வந்திருக்கு. அமில அடுக்குல வைக்கலாம்னு பச்சை காட்டுது. எனக்கென்னவோ சரியாப் படல."

பேட்டர்ன் சார் அப்போது ஒரு கருத்தரங்கில் டபுள் டிஸ்பாட்ச் பற்றிப் பேசுவதற்கு ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தார். அம்புக்குறிக்கு நீலமா ஆரஞ்சா என்பது பெரிய கவலை.

"சிஸ்டம் ரெண்டு பேரையும் கேட்டுட்டுத்தான்டா சொல்லுது. நடுவுல நீ யாரு? சொன்ன இடத்துல வை."

வைத்தான். மூன்றாம் நாள் அமிலக் கேன் ஒன்று கசிந்து தூளின்மேல் சொட்டியது. மஞ்சள் புகை கிளம்பியது. உள்ளே இருந்த இரண்டு லோடுமேன்களையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் கடைசியாக வந்து விழுந்தான் மச்சினன். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய். பேச்சு வரவில்லை.

சேதி கேட்டதும் பேட்டர்ன் சார் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு இன்னும் அவரைத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பொதுப் பதிலை அழித்தார். குளோரினுக்குப் பதினோரு பதில்களையும் நாற்பதே நிமிடத்தில் எழுதினார். ஒரு பிழைகூட இல்லை. முதலாளி வந்தபோது திரையில் சிவப்பு எரிந்தது.

"பாத்தீங்களா சார், சிஸ்டம் கூடாதுன்னுதான் சொல்லுது. அவன்தான் கவனிக்கல."

மச்சினனை வேலையைவிட்டு நீக்கக் கடிதம் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார் முதலாளி. பேட்டர்ன் சார் ஒரு டீ குடித்தார்.

சாயங்காலம் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தம்பி உங்களுக்கு போன் பண்ணானா?"

"எனக்கா? இல்லியே."

"சரக்க எங்க வைக்கறதுன்னு கேக்கவே இல்லையா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனே."

அவள் பையிலிருந்து தம்பியின் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். குளோரின் வந்த நாளின் தேதி, மத்தியான நேரம், இவருடைய எண், இரண்டு நிமிடப் பேச்சு. பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள். பேச முடியாதவன் கோணல்மாணலாக எழுதியிருந்தான்: "மாமாவைக் கேட்டேன். வைக்கச் சொன்னார். அவர்மேல் கோபப்படாதே அக்கா."

"அவனையும் கேட்டுட்டேன், உங்களையும் கேட்டுட்டேன்" என்றாள். "நாளைக்குக் காலைல உங்க முதலாளியப் பாக்கப் போறேன்."

எதற்கும் பொருந்துகிற பொதுப் பதில் ஒன்று பேட்டர்ன் சாரிடம் எப்போதும் இருக்கும். அதைச் சொன்னார்.

"எல்லாம் நம்ம குடும்பத்துக்காகத்தானே பண்ணேன்."

அவள் தாளையும் போனையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தம்பிக்கு மாற்றுச் சட்டை எடுக்க உள்ளே போனாள்.