மஞ்சளோடு நின்ற நியங்கலா

பெல்மதுளை டவுனுக்குப் பின்னால், ஒரு பழைய வீட்டின் கராஜில் மெழுகு பூசிச் சாயத்தில் முக்கிப் பத்திக் துணி செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. இரண்டாயிரத்து ஏழில் நான் அங்கே வேலைக்குப் போனேன். எனக்கு இருபத்தொரு வயது. பட்டறையை நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய சிங்களப் பெண்மணி. நோனா என்றுதான் கூப்பிடுவோம். என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள், இருவரும் சிங்களவர்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான்.

மெழுகு உருக்குவதும் சாயத்தொட்டி கழுவுவதும்தான் முதலில் என் வேலை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சோறு கட்டிக்கொண்டு போன கடுதாசியின் வெளிப்பக்கத்தில் சும்மா ஒரு போவிட்டியாப் பூவை வரைந்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஊதா ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் செடி அது. நோனா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"எந்தப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"புத்தகம் இல்லை நோனா. எங்க தோட்டத்துப் பூ."

அவர் நம்பவில்லை. வேறொரு தாளைக் கொடுத்துத் தன் கண் முன்னாலேயே வரையச் சொன்னார். வரைந்தேன். மறுநாள் அந்தப் பூவையும் கொண்டுவா என்றார். வாடிப் போகாமல் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "ஹரி லஸ்ஸனய்" என்றார். ரொம்ப அழகு என்று அர்த்தம். அன்றோடு தொட்டி கழுவுகிற வேலை போய், துணியில் உருவம் வரைகிற வேலை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பியும் பென்சிலுமாக மலைக்குப் போவேன். தண்ணீர் ஓடும் கான் ஓரம், பாறை இடுக்கு, கைவிட்ட மலைகளில் மானாப்புல்லுக்கு நடுவே என்று யாரும் நட்டு வைக்காத பூக்களாகத் தேடுவேன். ஒரு பூவின் முன்னால் அரைமணி நேரம் குந்தியிருந்தால்தான் அதன் இதழ் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பிடிபடும். இது லயத்தில் யாருக்கும் புரியவில்லை. குமரிப் பிள்ளை தனியாகக் காட்டுப் பக்கம் போனால் என்ன பேசுவார்களோ அதைத்தான் பேசினார்கள்.

"எந்தப் பூவப் பாக்கப் போற?" என்று அம்மா ஒருநாள் வாசலை மறித்து நின்றது. "அந்தப் பூவுக்கு மீச இருக்கா?"

கொப்பியைத் திறந்து காட்டினேன். அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டியது. பூக்களுக்கு நடுவே எங்காவது ஒரு ஆணின் பேரோ ஃபோன் நம்பரோ இருக்கிறதா என்று தேடியது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

தீபாவளிக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னால், எம்பிலிப்பிட்டியப் பக்கம் தங்குவிடுதி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் பட்டறைக்கு வந்தார். வரவேற்பு அறையில் மாட்ட ஒரு பெரிய துணி வேண்டும் என்றார். நெருப்பு மாதிரி, சிவப்பும் மஞ்சளுமாக இருக்க வேண்டுமாம். நோனா என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைதான் பூ வரைவாள்" என்றார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வடக்கே சண்டை பெரிதாகிக்கொண்டிருந்த காலம். பஸ்ஸில் தமிழில் பேசக்கூட யோசிப்போம். துணி வாங்க வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போதே மனசில் பட்டது.

சிவப்பும் மஞ்சளும் என்றதும் எனக்கு நியங்கலாதான் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பற்றையில் ஏறிப் படர்ந்திருக்கும் கொடி. இதழ்கள் அலை அலையாக மேல்நோக்கி விரிந்திருக்கும், அடி மஞ்சள், நுனி சிவப்பு. அதன் கிழங்கு விஷம் என்பதால் மாடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஏழு பூக்களை வரைந்து ஒன்றோடொன்று கொடியால் பின்னி, நோனாவிடம் காட்டினேன். அவருக்குப் பிடித்துப்போய் அன்றைக்கே துணியில் ஏற்றச் சொன்னார். வரைந்த தாளின் இன்னொரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினேன்.

கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அண்ணன் தீபாவளிக்கு வந்தான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"இத யாரு வரைஞ்சா?"

"நான்தான்."

"யாரு வரையச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"பொய் சொல்லாத. யாரோ சொல்லித்தான் வரைஞ்சிருக்க."

அவன் போய்க் கதவைச் சாத்தினான். "இது என்ன பூன்னு தெரியுமா உனக்கு? வடக்குல இத கார்த்திகைப் பூன்னு சொல்லுவாங்க. சண்டை புடிக்கிறவங்க வச்சிருக்கிற பூ. என்னோட ரூம்ல இருந்தவன் பெட்டிக்குள்ள இந்தப் பூ போட்ட ஒரு படம் கெடந்துச்சு. அதுக்கே ரூம்ல இருந்த எல்லாரையும் ரெண்டு நாள் வச்சு விசாரிச்சாங்க. என்னையுந்தான்."

அவனை விசாரித்தது எங்களுக்கு அதுவரை தெரியாது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, தாளைக் கிழித்து அடுப்பில் போட்டது. தாள் எரிந்துவிட்டது. ஆனால் துணி பட்டறையில் இருந்தது. அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

தீபாவளி அன்று பலகாரம் சுடும்போதும் அதே நினைப்புத்தான். அந்த மனிதரின் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சிவப்பு, மஞ்சள் என்று அவர் சொன்னது எதற்காக? நான் எதை வரைவேன் என்று பார்க்கத்தானா? நோனாவும் அதற்கு உடந்தையா? ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டு வரையச் சொல்லிவிட்டு, வரைந்ததும் பிடித்துக் கொடுப்பார்களா? யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டே போனது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். பட்டறையில் யாரும் இல்லை. துணி முதல் சாயம் முடிந்து மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சளாகவே இருக்க வேண்டிய அடிப்பகுதிக்கு மட்டும் மெழுகு பூசிவிட்டு, மறுபடி சிவப்பில் முக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. நான் மெழுகை உருக்கி, பெரிய பிரஷ்ஷால் இதழ்களை நுனி வரைக்கும் முழுசாக மூடினேன். சிவப்பு ஏறாவிட்டால் அது ஏதோ ஒரு மஞ்சள் பூ, அவ்வளவுதான். ஐந்தாவது பூவில் இருந்தபோது நோனா உள்ளே வந்தார்.

"என்ன செய்கிறாய் நீ?"

திரும்பின வேகத்தில் மெழுகு தரையில் சிந்தியது.

"யாருக்காக இதைக் கெடுக்கிறாய்? வேறு பட்டறைக்காரன் யாராவது சொன்னானா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. காசுக்குக் கெடுத்தவள் என்ற பட்டம் வேண்டாம் என்று நினைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். நோனா முதலில் சிரித்தார். "நியங்கலாவா? எங்கள் அம்மா வீட்டு வேலி முழுக்க இதுதானே!" என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

"உனக்கு இது எப்படித் தெரியும்?"

"அண்ணன் சொன்னான்."

"அண்ணன் எங்கே இருக்கிறான்?"

"கொழும்பில்."

"கொழும்பில் எங்கே? யாரோடு?"

ஒவ்வொரு பதிலுக்கும் அண்ணனை நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து அங்கே நிறுத்துகிற மாதிரி இருந்தது. பாதியில் வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. நோனா துணியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு வராதே. நான் சொல்லி அனுப்புகிறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை.

பத்து நாள் கழித்து லயத்துக்குப் பொலிஸ் வந்தது. வீட்டு வீடாக அடையாள அட்டை பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அண்ணனைப் பற்றிக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள். அண்ணன் அடுத்து வந்த தைப்பொங்கலுக்கு வரவில்லை. அம்மா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. நோனாதான் போட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன். பக்கத்து லயத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போக இருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டுப் போகாமல் நின்றுவிட்டார்கள்.

சண்டை முடிந்த வருஷம், ஒருநாள் பஸ்ஸில் நோனா ஏறினார். என் பக்கத்து இருக்கைதான் காலியாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவரே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"அந்தத் துணியைத் துண்டு துண்டாக வெட்டிக் கிணற்றடியில் எரித்தேன். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளையை வைத்து இதை வரைய வைத்தவள் என்று என்னைப் பிடிப்பார்களோ என்று பயம்."

"அந்த விடுதிக்கார மாத்தயா?" என்று கேட்டேன்.

"அவருக்கு மஞ்சள் சூரியகாந்தி செய்து கொடுத்தேன். விடுதியில் போய்ப் பார்த்தேன், மாட்டியிருக்கிறார். பாவம், எல்லாரிடமும் அப்படித்தான் ஊர்க்கதை கேட்பாராம்."

"அப்ப பொலிஸ் எங்க வீட்டுக்கு வந்தது எப்படி?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்தத் தோட்டத்துக்குத்தான் அந்த மாதம் பொலிஸ் போகவில்லை?" என்றார். பிறகு, "ஓ, நான்தான் சொன்னேன் என்று நினைத்தாயா? அதனால்தான் அந்த இரண்டு பிள்ளைகளும் வரவில்லையா?" என்று கேட்டார்.

எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவர் சொன்னது உண்மைதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அந்த நாட்களில் பொலிஸ் போயிருந்தது. நாங்கள்தான் எங்களுக்கு மட்டும் வந்ததாக நினைத்திருந்தோம். பட்டறைக்காரி காட்டிக்கொடுத்தவள் என்று என் வாயால் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணிப் பார்க்கவே கூசியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சிங்களத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. இறங்கப் போகும்போது அவர்தான், "வேலைக்கு வா. ஆள் இல்லை" என்றார்.

போனேன். அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒருத்தி என்னோடு வந்தாள். இன்னொருத்தியை அவள் வீட்டில் அனுப்பவில்லை.

முதல் நாள் வரைந்தது கான் ஓரத்தில் பூக்கிற ஒரு குட்டி நீலப் பூ. அதன் பேர் எனக்குத் தெரியாது. நோனா தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"இதில் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை நோனா."

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணனுக்கு ஃபோன் எடுத்தேன். நீலமாக, சின்னதாக, நாலு இதழோடு ஒரு பூ இருக்கிறதே, அதற்கு வடக்கிலோ கிழக்கிலோ எங்காவது ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லன்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.