கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு தங்கை

எனக்கு ஹிந்தி தெரியும் என்று எங்கள் தெருவே நம்பியது. அந்த நம்பிக்கையைக் கிளப்பிவிட்டவர் என் அப்பா. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தார். ஏழாம் வகுப்பில் என்னை ஹிந்தி டியூஷனில் சேர்த்தார். முதல் பரீட்சையில் பாஸானேன், இரண்டாவதில் தோற்றேன். தோற்றதை வீட்டில் சொல்லவில்லை. ரிசல்ட் வரவில்லை, வரவில்லை என்று சில மாதங்கள் ஓட்டினேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஆனால் "எம்மகளுக்கு ஹிந்தின்னா தண்ணி பட்ட பாடு" என்று அப்பா மில்லில் சொல்லித் திரிந்ததை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விண்வெளித் தொடர் போடுவார்கள். பூமியிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல், அதில் ஆறேழு பேர், எல்லோருக்கும் கழுத்துவரை மூடிய மினுமினுக்கும் சட்டை. ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டுப் பின்னால் விளக்கு வைத்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. கப்பலின் நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் ஒரு வெளிச்சம் ஏறி ஏறி இறங்கும்.

பேச்சு முழுவதும் ஹிந்தி. கொடைக்கானலிலிருந்து வரும் அலைவரிசை காற்றடித்தால் மங்கும், சத்தம் கரகரக்கும். தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பேண்டேஜ் துணி நெய்கிற பெண்கள், மில்லில் அன்று ஷிஃப்ட் இல்லாதவர்கள், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மா. டிவியில் ஒருவன் வாயைத் திறந்தால் பெரியம்மா என் பக்கம் திரும்பி, "ஏமண்டுன்னாடம்மா?" என்பார். அவன் என்ன சொல்கிறான் என்று நான் சொல்ல வேண்டும். அப்பா பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் புரிந்தது தண்ணீர், வீடு, வா, போ, சாப்பிடு. விண்வெளியில் அவற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

அதனால் கதையை நானே சொன்னேன்.

வந்தவர்களில் ஒருத்தி என் வகுப்புத் தோழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. அவளுடைய அக்கா இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். இருவரும் தினமும் ஒரே டவுன் பஸ்ஸில் வருவார்கள், அதனால் அவளும் எங்கள் பள்ளியிலேயே படித்தாள். அவள் அப்பா ஆண்டாள் கோவில் ஆபீஸில் கிளார்க். டிவி பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்பவர். ஞாயிற்றுக்கிழமை கணக்குப் படிக்க என் வீட்டுக்குப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து அவள் பஸ் ஏறி வந்தாள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவள் அந்தக் கப்பலில் ஏறிப் போகவே வந்தாள்.

முதல் வாரம் கேப்டன் அந்தக் குழாயின் முன்னால் நின்று, கையை அதன்மேல் வைத்து, வெகுநேரம் வருத்தமாகப் பேசினார். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னட்டி சொல்லுதாரு?"

அந்தக் கரகரப்பில் என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். 'பஹன்'. தங்கை, அக்கா என்று அர்த்தம்.

"அதுக்குள்ள இருக்கது அவரோட தங்கச்சி" என்றேன். "வெளிச்சமா மாத்திட்டாங்க."

அறையில் இருந்த எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அன்றைக்கு அது பொய்கூட இல்லை, தப்பாகக் கேட்டதுதான். மறுவாரம் அதே இடத்தில் அவர் அதே சொல்லைச் சொன்னபோது தெளிவாகக் கேட்டது. 'பந்த்'. நின்றுபோயிற்று என்று அர்த்தம். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன், பெரியம்மா முகத்தைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன். "இந்தக் கிரகத்துக்குப் போனா ஒன்னயத் திரும்ப மனுஷியாக்கிருவேன்னு சொல்லுதாரு" என்றேன்.

அதிலிருந்து நான் நிறுத்தவே இல்லை. தங்கைக்கு ஒரு குணம் வந்தது, கோபம் வந்தது. கேப்டனிடம் அவள் பேச மறுத்த வாரங்கள் இருந்தன. "அந்த வெளிச்சம் என்ன கலருட்டி?" என்று என் தோழி ஒருநாள் கேட்டாள். எங்கள் டிவியில் எல்லாமே சாம்பல்தான். "நீலம். ஹிந்தில சொன்னாங்க" என்றேன்.

அவள் ஒரு நீள நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதிவைத்தாள். வாரத்துக்கு இரண்டு பக்கம், பக்கத்தில் படம். கப்பலின் உள்ளமைப்பு, யார் எங்கே தூங்குவார்கள், குழாயின் குறுக்குவெட்டு என்று அவள் போட்ட படங்களைப் போல அந்தத் தொடரில்கூட ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நோட்டை என்னிடம் நீட்டுவாள். "சரியா இருக்கான்னு பாருட்டி. நீ சொன்னத எங்கயும் மாத்தல" என்பாள். நான் ஆசிரியர் மாதிரி ஒன்றிரண்டு திருத்தம் சொல்வேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் பல பள்ளிகள் சேர்ந்த அறிவியல் கண்காட்சி நடந்தது. அவள் கப்பலை மாடலாகச் செய்தாள். அக்கா கம்பெனியிலிருந்து பேண்டேஜுக்கான காஸ் துணி சுற்றும் அட்டைக் குழல்களை வாங்கிவந்து சுவர் கட்டினாள். காஸ் துணியையே பிரித்துக் கிரகத்தின் பனிமூட்டமாகப் போட்டாள். நடுவில் நீலத்தாள் ஒட்டிய ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே டார்ச் பல்பு. பக்கத்தில் பெரிய சார்ட்டில், பருப்பொருளை ஒளியாக மாற்ற முடியுமா என்ற கேள்வியோடு கேப்டனின் தங்கையின் கதை. எங்கள் அறிவியல் டீச்சருக்கு ஹிந்தி தெரியாது. "டிவியில சொல்லுதாங்கன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அனுமதித்தார்.

சார்ட்டின் கீழே என் பெயரையும் போடட்டுமா என்று அவள் கேட்டாள். "வேண்டாம், ஒம்பேரு மட்டும் போதும்" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்து என் தோளில் சாய்ந்தாள். அது பயம் என்று எனக்குத்தான் தெரியும்.

கண்காட்சியன்று நான் அவள் பக்கத்தில் நின்றேன். மேஜையைச் சுற்றிக் கூட்டம் விலகவே இல்லை. பத்தரை மணிவாக்கில் சிறப்பு விருந்தினர் வந்தார். வடக்கே பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்திருந்த ஒரு வங்கி மேலாளர். எங்கள் மாடலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஞாயித்துக்கிழமை சீரியலு! நானும் விடாமப் பாக்குறேன்மா."

அவள் சந்தோஷத்தில் படபடவென்று சொல்ல ஆரம்பித்தாள். தங்கை, சபதம், நீல வெளிச்சம். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறார். பிறகு சார்ட்டைப் படித்தார்.

"தங்கச்சியா? இது கப்பலுக்குள்ள காத்தைச் சுத்தம் பண்ற மெஷின்மா. அடிக்கடி நின்னு போயிடும், அதைச் சொல்லித்தான் அவர் பொலம்புவார். வெளிச்சமும் செவப்பு. எங்க வீட்ல கலர் டிவி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பையன் "மெஷின் தங்கச்சி" என்று கத்தினான். மற்ற பள்ளி ஆசிரியர்களும் சிரித்தார்கள். எங்கள் டீச்சரின் முகம் கறுத்துவிட்டது.

"யாருட்டி சொன்னா ஒனக்கு இதெல்லாம்?"

அவள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கும் பார்வை இல்லை. அவர்தான் தப்பாகச் சொல்கிறார், நீ இப்போது ஹிந்தியில் விளக்கிவிடுவாய் என்ற பார்வை. அதுவரைக்கும்கூட அவள் என்னைச் சந்தேகப்படவில்லை.

நான் சொன்னேன்: "எனக்குத் தெரியாது டீச்சர். நான் மெஷின்னுதான் சொன்னேன். அவளா எழுதிக்கிட்டா."

அவள் வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு ஹிந்தி தெரியுமா?" தலையாட்டினேன். அவர் மெதுவாக, "இத்னா டர் க்யோன் ரஹீ ஹோ?" என்றார். "ஜீ ஹாங்" என்றேன். ஆமாம் என்று. என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

டீச்சர் சார்ட்டைக் கழற்றிச் சுருட்டினார். மாடலை மேஜைக்கு அடியில் தள்ளச் சொன்னார். "எம்புட்டுப் புளுகு! பள்ளிக்கூடத்து மானத்தையே வாங்கிட்ட" என்றார் அவளிடம். மாடலைத் தள்ள நானும் ஒரு கை பிடித்தேன்.

அதோடு முடியவில்லை. டீச்சர் அவள் அப்பாவை வரவழைத்துப் பேசியபோது, ஞாயிற்றுக்கிழமைக் கணக்குப் பாடமும் வெளியே வந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அவர் டிசி வாங்கி அவளை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டார். அதுவரை இருந்த மூன்று மாதமும் அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பில் அவளைப் 'புளுகுணி' என்றார்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லாததற்காக என்னை நானே நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். கண்காட்சிக்கு அடுத்த ஞாயிறும் நான் கதை சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "அந்தத் தங்கச்சி என்னம்மா ஆனா?" என்று கேட்டார். "செத்துப் போனா பெரியம்மா" என்றேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பிறகு நான் கல்லூரி முடித்து, மத்திய அரசுப் பரீட்சை எழுதி, நாக்பூரில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கேதான் உண்மையாகவே ஹிந்தி கற்றேன். ஒருநாள் மதியம் கேன்டீனில், பக்கத்து மேஜைக்காரி அழுகிற தன் பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். இத்தனை பயம் ஏன் உனக்கு என்று. தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். வங்கி மேலாளர் என்னிடம் கேட்டது அதுதான். நான் ஆமாம் என்றிருக்கிறேன். அவருக்கு அன்றே எல்லாம் தெரிந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அவளைத் தேடிப் போனேன். கல்யாணமாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கணவரோடு ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கடையில் அவள் மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். ஆனால் "வாங்க" என்றாள். ஒரு காலத்தில் ஏட்டி என்று கூப்பிட்டவள்.

ஒத்திகை பார்த்து வந்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன். எனக்கு ஹிந்தி தெரியாது, எல்லாம் நான் கட்டியது, அன்றைக்கு உன்மேல் போட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. அவள் மிஷினில் தாளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அது எனக்கு அப்பமே தெரியும். அன்னைக்கு வீட்டுக்குப் போகும்போதே புரிஞ்சிருச்சு."

"என்னைய மன்னிச்சிரு."

"இங்க வந்து என்ட்ட மட்டும் சொல்லுதீங்க. இங்க யாரு இருக்கா? அங்க சொல்லியிருக்கணும்." குரல் உயரவே இல்லை. "டீச்சர் இன்னும் என்னயப் புளுகுணின்னுதான் நெனச்சிட்டிருப்பாக. எங்கப்பா சாகுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சாரு."

அவள் அப்பா இறந்தது எனக்குத் தெரியாது. அவரிடம் இனி யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் இராஜபாளையத்தில் டீச்சரின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். ஓய்வு பெற்றிருந்தார், மூட்டு வலியில் கால் வீங்கியிருந்தது. கண்காட்சி என்று ஆரம்பித்ததுமே, "ஆமா, அந்தப் புளுகுணிப் பிள்ள" என்றார். பத்து வருடம் கழித்தும் அவளுக்கு அந்தப் பெயர்தான் இருந்தது. நான் சொல்லி முடித்தேன்.

"அவ அப்பாவக் கூப்பிட்டு விட்டது நானு" என்றார். "அந்த மனுசன் என் முன்னாலயே அவள அடிச்சாரு. நான் தடுக்கல." பிறகு என்னைப் பார்த்தார். "நீ நல்லா மார்க் எடுக்கிற பிள்ள. நீ சொன்னா அது சரின்னு இருந்துட்டேன். வா, போவோம்."

ஆட்டோ வைத்து இருவரும் போனோம். கடையில் அப்போது நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் நோட்ஸ் எடுக்க நின்றிருந்தார்கள். அவள் கணவரும் இருந்தார். அவர்கள் எல்லோரும் கேட்க டீச்சர், "நீ பொய் சொல்லலம்மா, நான்தான் விசாரிக்காமப் பேசிட்டேன்" என்றார். நானும் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் அன்றைக்கு நின்றிருக்க வேண்டிய இடம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது.

அவள் டீச்சருக்கு ஸ்டூல் போட்டு, காலைத் தூக்கி வைக்க ஒரு பேப்பர் கட்டை நகர்த்தினாள். கணவரிடம் காபி வாங்கிவரச் சொன்னாள். டீச்சரிடம் மூட்டு வலிக்கு என்ன மாத்திரை என்று விசாரித்தாள். "இப்ப படம் போடுதியா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "இல்ல டீச்சர், அன்னைக்கோட விட்டுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

கிளம்பும்போது அவள் என்னோடு தெருவரை வந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

"ஊருக்கு எப்பம் போறீக?"

"நாளான்னைக்கு."

"சரி, பாத்துப் போங்க" என்றாள். கடையில் யாரோ கூப்பிட்டார்கள். உள்ளே போய்விட்டாள்.