கம்பியூட்டருக்கு உம்மா தைத்த உறை

எங்கள் வீட்டுக்குக் கம்பியூட்டர் வந்த கிழமையே உம்மா அதன் பெட்டிக்கு ஓர் உறை தைத்துவிட்டார். மெரூன் நிறத்தில் தடித்த வெல்வெட், ஓரமெல்லாம் லேஸ், இரண்டு பக்கமும் ரோசாப்பூ. முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும். மற்றபடி ஈகூட நுழைய முடியாது. தூசுக்கு என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் அது கண்ணூறுக்கு. எங்கள் தெருவில் வேறெந்த வீட்டிலும் கம்பியூட்டர் இல்லை.

அதைக் கொண்டுவந்தவர் மச்சான், எனக்கு மூத்தவரான ராத்தாவின் புது மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வந்தாலும் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று உம்மா சொல்வதை நான் மச்சானிடம் சொல்வேன். அவர் சொல்வதை உம்மாவிடம் கொண்டுபோவேன். ஒருவர் கதைப்பது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வாயால் வந்த பிறகுதான் கேட்டதாகக் கணக்கு.

மச்சான் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவர். முன் ஹோலில் கம்பியூட்டர் வகுப்பு நடத்துவது, சரிவராவிட்டால் திரும்பவும் விமானம் ஏறுவது என்று பேச்சு. விமானம் என்ற சொல் வந்தாலே ராத்தா அடுப்பைப் பார்க்கவென்று குசினிக்குள் போய்விடுவார். வகுப்புக்குப் பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் புதிய விண்டோஸ் படிப்பிக்க வேண்டுமென்று கொழும்பிலிருந்து சீடி எடுப்பித்து, பழையதற்கு மேலே ஏற்றத் தொடங்கினார் மச்சான்.

கச்சான் காற்று அனலாய் அடிக்கும் காலம். திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல மெல்ல நீண்டு, பாதி தாண்டியதும் நின்றது. அம்புக்குறியும் அசையவில்லை. அணைத்துப் போட்டார். இம்முறை பாதிக்கு முன்னமே நின்றது. இதற்குள் பழைய விண்டோஸும் அழிந்துபோயிருந்தது. மச்சானின் நெற்றி வியர்த்தது.

உம்மா சந்தேகமே படவில்லை. பக்கத்து வீட்டுச் சாச்சி நேற்று வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போன கண்தான் இது. என்னை ஓதிப் பெட்டியில் ஊதச் சொன்னார், ஊதினேன். அது போதாதென்று உறைக்கு மேலே சுற்றிக்கட்ட, தலை துவட்டும் துவாய் ஒன்றையும் தந்தனுப்பினார். மச்சான் மறுபேச்சில்லாமல் சுற்றினார். அதன் பிறகு கோடு தொடங்கவே இல்லை.

மச்சான் துவாய்க்குள் கையை விட்டுப் பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டார். அடுப்பிலிருந்த தாச்சியைத் தொட்டவர்போல் வெடுக்கென்று கையை எடுத்தார். உறையைப் பார்த்தார். சீலையைப் பார்த்தார். சீலைக்குக் கீழே உம்மாவின் பாதங்கள் தெரிந்தன. குசினிக்குள் ராத்தா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“என்னவாம்?” என்றது சீலை.

மச்சான் கொஞ்ச நேரம் லேஸைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மாமிக்கிட்டச் செல்லுங்க தம்பி, இப்பிடி ஒரு உறை கல்முனை டவுன்லயும் இல்ல. இத மூலைக்க வெச்சா ஆரு பாக்கிற? என்ட மோட்டார் சைக்கிள் சீட் வெயில்ல காயிது. அதுக்குப் போட்டா ஊரே பாக்கும். மாமிக்குப் பொருத்தமா எண்டு கேளுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. கம்பியூட்டர் மூச்சில்லாமல் கிடக்கிறது, இவர் சீட்டுக்கு உறை தேடுகிறார். ஆனாலும் போய்ச் சொன்னேன். உம்மா சீலையை விலக்காமலே அந்தப் பெட்டி இருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சீட்டுக்கெண்டா கீழால எலாஸ்டிக் வெச்சுத்தான் தரணும். கழட்டிக்கொண்டு வா மகன்” என்றார். நான் திரும்பியதும், “அந்தத் துவாயையும்” என்றார்.

வெறுமேனியாய் நின்ற பெட்டிக்கு முன்னால் மச்சான் மேசைவிசிறியை வைத்தார். அஸர் தொழுதுவிட்டு வந்து, பிஸ்மி சொல்லித் திரும்பவும் தொடங்கினார். கோடு பாதியைத் தாண்டிக் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. கண்ணூறு கழிந்துவிட்டதாக உம்மா சொல்லியனுப்பினார். ஓம், கழிந்துவிட்டது என்று மச்சானும் சொல்லியனுப்பினார். என் ஊதலில்தான் சுகமானது என்று பள்ளிக்கூடம் முழுக்க நான் சொல்லித் திரிந்தேன்.

வகுப்பு தொடங்கியது. விமானக் கதை நின்றது. மச்சான் அந்த வெல்வெட்டின் மேல் ஏறி, இரண்டு பக்கமும் லேஸ் பறக்க, ஜும்ஆவுக்கும் சந்தைக்கும் போய்வந்தார். கடைத்தெருவில், “புதுப்பொம்புள போறா” என்று பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரித்து ஹோர்ன் அடிப்பார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அங்கே ஒருநாள் பெட்டியொன்றைத் திறந்து, பின்பக்க ஓட்டைகளுக்கு உள்ளே சூட்டை வெளியே தள்ளச் சுற்றிக்கொண்டிருந்த சின்ன விசிறியைக் கண்டபோதுதான், அன்றைக்கு உம்மாவும் மச்சானும் இருவருமே சூடு என்ற சொல்லைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. ஆனால் அந்த நாட்களில் மச்சானுக்குப் பின்னால் ரோசாப்பூவின் மேல் இருந்துகொண்டு நான் வெட்கத்தில் அவர் முதுகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். இவ்வளவு படித்த மனிதர், தெருமுனை தாண்டியதும் இதைக் கழற்றிப் பைக்குள் வைத்தால் என்ன என்று நினைப்பேன்.